முதுகு மேலே அஞ்சு கிலோ!

ஆபீஸ் போகிற ஆண்களில் இரண்டே வகைதான். முதுகு வலிக்கிறவர்கள், இனிமேல் வலிக்கப் போகிறவர்கள். 'எனக்கெல்லாம் அப்படி ஒண்ணும் இல்லை சார்' என்று நிமிர்ந்து உட்காருகிறீர்களா? சந்தோஷம். அப்படியானால் ஒரு சின்ன பரீட்சை. வீட்டு வாசலில் 20 லிட்டர் தண்ணி கேன் வந்து இறங்கியிருக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு போய்ச் சமையல்கட்டு ஸ்டாண்டில் கவிழ்க்க வேண்டும். குனிகிறபோது மனசுக்குள் 'முருகா' என்று ஒரு குரல் கேட்டதா? கேட்டதென்றால் இந்த வாரம் உங்களுக்குத்தான்.

20 லிட்டர் தண்ணீர் என்றால் 20 கிலோ. கேஸ் சிலிண்டரில் வாயு மட்டும் 14.2 கிலோ, இரும்பையும் சேர்த்தால் 30 கிலோவுக்குப் பக்கத்தில் வரும். இதையெல்லாம் கைபலத்தில் தூக்குகிறோம் என்று நினைத்துக்கொண்டு, ஜிம்முக்குப் போகும் இளைஞர்கள் முதல் வேலையாகக் கண்ணாடி முன் நின்று புஜத்தை வளர்க்கிறார்கள். உண்மையில் கை வெறும் கொக்கி. தூக்குவது தொடையும் பின்புறமும். மேலே இருக்கிற கொக்கிக்கும் கீழே இருக்கிற எஞ்சினுக்கும் நடுவே மடங்காமல் நிற்க வேண்டிய ஆசாமி ஒருவர் உண்டு. அவர்தான் இடுப்பு. பெல்ட் மாட்டுவதற்காக மட்டும் ஆண்டவன் அவரைப் படைக்கவில்லை.

இந்த நடு உடம்பைத்தான் ஜிம்காரர்கள் 'கோர்' என்கிறார்கள். நம் பாட்டிமார் 'இடுப்பில பலம் வேணும்டா' என்று சொன்னது இதையேதான். என்ன, பாட்டி மாசக் கட்டணம் வாங்கவில்லை.

* * *

முதுகெலும்பு என்றால் ஏதோ இரும்புக் கம்பம் என்று நமக்கு ஒரு எண்ணம். 1990-களின் தொடக்கத்தில் ஒரு சோதனை செய்தார்கள். இறந்தவர்களின் இடுப்புப் பகுதி முதுகெலும்பை, அதாவது அந்த ஐந்து எலும்புகளை, தசையெல்லாம் நீக்கிவிட்டு நிற்க வைத்து மேலே கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் ஏற்றினார்கள். எவ்வளவு தாங்கியிருக்கும்? 50 கிலோ? 100 கிலோ? சுமார் 9 கிலோ பாரத்திலேயே வளைந்து மடங்கிவிட்டது!

70 கிலோ ஆசாமிக்கு இடுப்புக்கு மேலே இருக்கிற தலை, தோள், நெஞ்சு, கை எல்லாம் சேர்ந்தாலே அதைப்போல் மூணு நாலு மடங்கு இருக்கும். அப்புறம் எப்படி நாம் மடங்காமல் பஸ்ஸுக்கு ஓடுகிறோம்? ஒரு காலத்தில் மொட்டை மாடியில் தூர்தர்ஷன் ஆன்டெனா நின்றது ஞாபகம் இருக்கிறதா? கம்பி ஒல்லி. ஆனால் நாலு பக்கமும் இழுத்துக் கட்டியிருப்பார்கள். புயலே வந்தாலும் கொஞ்சம் புள்ளி புள்ளியாகத் தெரியுமே தவிர, சாயாது. முதுகெலும்புதான் அந்தக் கம்பம். இழுத்துக் கட்டிய கயிறுகள்தான் கோர் தசைகள்.

முன்பக்கம் ரெக்டஸ் அப்டாமினிஸ். சினிமா ஹீரோ சட்டையைக் கழற்றினால் கட்டம் கட்டமாகத் தெரிகிறதே, அது. பக்கவாட்டில் ஆப்லிக் தசைகள். இவற்றுக்கெல்லாம் உள்ளே வேட்டி சுற்றியதுபோல் வயிற்றைச் சுற்றி ட்ரான்ஸ்வெர்ஸ் அப்டாமினிஸ். பின்னால் முதுகெலும்பை ஒட்டி மல்டிஃபிடஸ். கூரையாக உதரவிதானம், தரையாக இடுப்பின் அடித்தளத் தசை. ஆக மொத்தம் மூடி போட்ட ஒரு டப்பா. இதில் வெளியே தெரிகிற கட்டம் ஒன்றுக்குத்தான் மவுசு. மற்றவர்கள் எல்லாம் ஆபீஸில் உண்மையாக வேலை பார்க்கிற ஆசாமிகள் மாதிரி, யார் கண்ணிலும் படுவதில்லை.

1996-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் பால் ஹாட்ஜஸ், கரோலின் ரிச்சர்ட்சன் என்ற இருவர் ஒரு வேடிக்கையான விஷயத்தைக் கவனித்துச் சொன்னார்கள். ஆரோக்கியமான ஒருவரைக் கையைத் தூக்கச் சொன்னால், கை அசைவதற்குக் கண நேரம் முன்பே அந்த உள்வேட்டித் தசை இறுகிவிடுகிறது. முதலாளி வருவதற்கு முன்பே எழுந்து நிற்கிற பியூன் மாதிரி. முதுகுவலிக்காரர்களுக்கு அதே தசை தாமதமாக எழுந்தது. அதிலிருந்துதான் 'கோர், கோர்' என்று உலகமே கோரஸ் பாட ஆரம்பித்தது.

அந்தக் கோரஸின் தேசிய கீதம், ப்ளாங்க். தமிழில் பலகை. செய்கிறவர் சாட்சாத் பலகை மாதிரிக் கிடப்பதால் பெயர்ப் பொருத்தம் பத்துக்குப் பத்து.

* * *

பலகை ஒன்றும் நமக்குப் புதுசில்லை. தண்டால் எடுக்கிறவர் கையை ஊன்றி உடம்பை நீட்டுகிற முதல் நிலை அதுதான். சூரிய நமஸ்காரத்திலும் நடுவே வந்து போகும். என்ன வித்தியாசம் என்றால், தண்டாலில் ஏறி இறங்க வேண்டும். இதில் ஒன்றுமே செய்யக் கூடாது. அசையாமல் இருக்க வேண்டும். 'ஒண்ணும் செய்யாம இருக்கறதுதானே, அது நமக்குக் கைவந்த கலையாச்சே!' என்று உற்சாகமாகக் கிளம்புகிறவர்கள் இருபதாவது விநாடியில் நடுங்க ஆரம்பிப்பார்கள். அது குளிரால் அல்ல.

செய்முறை:

முன்னங்கைகளைத் தரையில் ஊன்றுங்கள். முழங்கை நேராகத் தோளுக்குக் கீழே இருக்கட்டும். கால் விரல்களை ஊன்றி உடம்பைத் தூக்குங்கள். பின்னந்தலையிலிருந்து குதிகால் வரை ஒரே கோடு. பின்புறத் தசையை நன்றாக இறுக்குங்கள். வயிற்றை, யாரோ விளையாட்டாகக் குத்த வருகிறபோது தானாக இறுக்குவோமே, அப்படி இறுக்குங்கள். உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்பது வேறு, அது வேண்டாம். பார்வை தரையில், கைவிரல்களுக்குச் சற்று முன்னால். மூச்சு நிற்கக் கூடாது. இது முக்கியம். மூச்சைப் பிடித்துக்கொண்டு தம் கட்டினால் ரத்த அழுத்தம் சட்டென்று எகிறும்.

சரியாகச் செய்கிறீர்களா என்று பார்க்க ஒரு துடைப்பக் குச்சி போதும். முதுகின் மேல் நீளவாக்கில் வைக்கச் சொல்லுங்கள். பின்னந்தலை, தோள்பட்டைகளுக்கு நடு, வால் எலும்பு என்று மூன்று இடத்தில் தொட வேண்டும். (துடைப்பத்தை வைக்கச் சொல்லும் பொறுப்பை மனைவியிடம் கொடுப்பதற்கு முன், அன்றைய வீட்டு நிலவரத்தை விசாரித்துக்கொள்வது நல்லது.)

தப்பு செய்கிறவர்கள் இரண்டு கட்சி. ஒன்று தொங்கு பாலம் கட்சி. இடுப்பு கீழே தொங்கும், முதுகு உள்வளையும். பாரமெல்லாம் தசையை விட்டுவிட்டு எலும்பு மூட்டுகளின் தலையில் விழும். இன்னொன்று கூடாரக் கட்சி. பின்புறம் வானத்தைப் பார்க்கும். ஆபத்து குறைவு, பலனும் குறைவு. கடிகாரத்தில் மட்டும் இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும்.

* * *

கடிகாரம் என்றதும் ஞாபகம் வருகிறது. உலகத்தில் சிலர் இந்தப் பலகையை எங்கேயோ கொண்டுபோய்விட்டார்கள். 2020-ல் அமெரிக்காவின் முன்னாள் மரைன் படை வீரர் ஜார்ஜ் ஹூட், 62 வயதில் 8 மணி 15 நிமிஷம் 15 விநாடி இப்படிக் கிடந்தார். அதாவது நம் ஆபீஸ் நேரம் முழுக்க, டீ பிரேக் இல்லாமல்! 2023-ல் செக் நாட்டுக்காரரான யோசெஃப் ஷாலெக் 9 மணி 38 நிமிஷம் 47 விநாடி போனார். பெண்கள் பக்கம், 2024-ல் கனடாவைச் சேர்ந்த டோனாஜீன் வைல்ட், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட நிர்வாகி, 58 வயது, 4 மணி 30 நிமிஷம் 11 விநாடி. எல்லோருக்கும் ஒரு சல்யூட்.

சல்யூட் அடித்த கையோடு சொல்லிவிடுகிறேன், நமக்கு இது வேண்டியதில்லை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பல வருஷம் முதுகெலும்பை ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் என்ற பேராசிரியரின் வழி வேறே. சுமார் பத்து விநாடி இறுக்கிப் பிடி, விடு, மறுபடி பிடி. பொறுமையைச் சோதிக்க உலகத்தில் வேறே எத்தனையோ இருக்கிறது, பேங்க் சர்வர் உட்பட.

அப்படியானால் ஒரு நிமிஷம் சுத்தமாகப் பலகை போட வந்துவிட்டவர், அடுத்து என்ன செய்வது? நேரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் சகிப்புத்தன்மை வளரும். பலம் அவ்வளவாக வளராது. இருபது இட்லித் தட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கிற சர்வர் ஒரு மூட்டை அரிசியைத் தூக்கிவிடுவார் என்பதில்லை. பலம் வேண்டுமென்றால் பாரம் கூட வேண்டும். நம் ஊரில் இது தெரிந்த சங்கதிதான். திருநெல்வேலிப் பக்கம் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்குகிற போட்டி நடக்கிறது. எடுத்த எடுப்பில் எவனும் பெரிய கல்லில் கை வைப்பதில்லை. சின்னக் கல்லில் ஆரம்பித்துத்தான் வருகிறான். அந்தக் காலத்தில் கல்லைத் தூக்கினால்தான் பெண் கொடுப்பார்கள் என்பார்கள். இப்போது மாமனார்கள் சம்பள ஸ்லிப்பைத் தூக்கிப் பார்ப்பதோடு சரி.

ஆக, முதுகு மேலே பாரம்.

* * *

இங்கேதான் ப்ளஸ் டூ பிசிக்ஸில் தூங்கினவர்கள் கொஞ்சம் விழித்துக்கொள்ள வேண்டும். பலகை போடுகிற உடம்பு ஒரு பாலம். ஒரு தூண் முழங்கை, இன்னொரு தூண் கால் விரல். பாலத்தில் லாரி தூணுக்கு நேர் மேலே நின்றால் பாலம் கவலைப்படாது. நடுவே நின்றால்தான் வளைக்கப் பார்க்கும். அதே கதைதான் முதுகிலும். தோளுக்குப் பக்கத்தில் வைத்த பாரத்தில் பெரும்பங்கு கை வழியாகத் தரைக்குப் போய்விடும். கீழே இறங்க இறங்க இடுப்பின் வேலை ஏறும். சராசரி உயரமுள்ள ஆளுக்கு உத்தேசமாகக் கணக்குப் போட்டால், தோள்பட்டைகளுக்கு நடுவே வைத்த 5 கிலோ இடுப்பை வளைக்கிற வளைவு, அதே 5 கிலோவை இடுப்புக்குக் கீழே வைத்தால் வருவதில் மூன்றில் ஒரு பங்குதான்! எடையைக் கூட்டாமலே வேலையைக் கூட்ட இது ஒரு வழி. வைக்கிற இடத்தை மாற்றினால் போதும்.

ஜிம்மில் பலர் '20 கிலோ வெச்சு பண்றேன் சார்' என்று மார்தட்டும்போது, எங்கே வைத்தீர்கள் என்று ஒரு கேள்வி கேளுங்கள். மார் கொஞ்சம் இறங்கும்.

படிப்படியாக இப்படிப் போகலாம்:

முதல் படி, பாரமே கிடையாது. பத்து விநாடி பிடித்துச் சில விநாடி விடுங்கள். இப்படி ஆறு தடவை. பிறகு மெதுவாக நேரத்தைக் கூட்டி, ஒரே மூச்சில் அல்ல, மூச்சு விட்டுக்கொண்டே 60 விநாடிக்கு வாருங்கள். குச்சிப் பரீட்சையில் பாஸாகிற 60 விநாடி.

இரண்டாம் படி, காசில்லாத பாரம். முழங்கையைத் தோளுக்கு நேர் கீழே வைக்காமல் மூணு நாலு அங்குலம் முன்னால் தள்ளி வையுங்கள். பாலத்தின் நீளம் கூடிவிட்டது. உங்கள் உடம்பின் எடையே உங்களை ஒரு கை பார்க்கும். இதில் 20 விநாடி முறையாக நின்றால் அடுத்த வகுப்புக்கு ப்ரமோஷன்.

மூன்றாம் படி, முழங்கை பழைய இடத்துக்கு வரட்டும். 2.5 கிலோ தட்டு ஒன்று, தோள்பட்டைகளுக்கு நடுவே. 20 விநாடி, மூன்று தடவை; நடுவே ஒரு நிமிஷம் ஓய்வு. வாரத்துக்கு மூன்று நாள்.

நான்காம் படி, 5 கிலோ, அதே இடத்தில். அது சுலபமாகி 30 விநாடி நின்றால், அதே தட்டைக் கீழே இறக்கி இடுப்பெலும்புக்கு மேல், பெல்ட்டுக்குக் கீழே, வையுங்கள். முதுகின் குழிவான இடத்தில் நேரடியாக வைக்க வேண்டாம். தட்டு உட்காரவும் செய்யாது, எலும்புக்கும் பிடிக்காது.

அதற்கப்புறம் எடையைக் கூட்டுவதெல்லாம் நம் ஆபீஸ் இன்கிரிமென்ட் மாதிரி இருக்கட்டும். தாமதமாக, கொஞ்சமாக. மூன்று தடவையும் கோடு வளையாமல், நடுக்கம் இல்லாமல், மூச்சு சீராக 30 விநாடி நின்றால்தான் கூட்ட வேண்டும். கோடு வளைந்த அந்த விநாடி பயிற்சி முடிந்தது. 'இன்னும் அஞ்சு செகண்ட்!' என்று பக்கத்தில் நின்று கத்துகிறவர் உங்கள் முதுகுக்கு வைத்தியச் செலவு தரமாட்டார்.

* * *

ஒரு வாசகர் கேட்கிறார்: 'ஜிம்முக்கெல்லாம் போக வசதியில்லை. வீட்டில் எதை வைப்பது?'

பையனின் ஸ்கூல் பையை முயற்சி செய்யலாம். ஆனால் ஆரம்பகட்டத்தில் அவ்வளவு பாரம் கூடாது. தமாஷ் போகட்டும். தோள்பையில் புஸ்தகமோ, 2 கிலோ அரிசிப் பாக்கெட்டோ போட்டு, வார்களை இறுக்கி மாட்டிக்கொண்டு படுப்பது உத்தமம். நழுவாது, மேல் முதுகில் தானாகவே உட்காரும், தனியாளாகச் செய்யலாம். இரும்புத் தட்டு என்றால் நீங்கள் நிலைக்கு வந்தபின் இன்னொருவர் வைக்க வேண்டும், எடுக்கவும் வேண்டும். முடிக்கும்போது முதலில் முழங்கால்களைத் தரையில் இறக்குங்கள். அப்புறம் தட்டு. தட்டை முதுகோடு உதறி எறிகிற வீரம் வேண்டாம். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிடுவார்.

வீட்டில் குழந்தை இருந்தால் அப்பா பலகை போட்ட மறுவிநாடி முதுகில் ஏறும். இது இயற்கை நியதி. நாலு வயசுப் பிள்ளை 15 கிலோ இருக்கும். அதுவும் சும்மா இருக்கிற 15 கிலோ இல்லை. குதிரை ஓட்டுகிற 15 கிலோ. அசைகிற பாரம் அசையாத பாரத்தைவிடப் பொல்லாதது. கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு வாசகர்: 'இதைச் செய்தால் தொப்பை குறையுமா?'

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். குறையாது சார். தசை கீழே இறுகும், கொழுப்பு மேலே அப்படியே இருக்கும். மெத்தைக்கு அடியில் கட்டிலை மாற்றினால் மெத்தை மெலியாது. ஒரு நிமிஷப் பலகையில் செலவாகிற கலோரி ஒரு வாய் மெதுவடைக்குக் கூடக் காணாது. தொப்பைக்கு வழி வேறே: சாப்பாடு, நடை, தூக்கம். ஆனால் முதுகு நிமிர்வதால் தொப்பை கொஞ்சம் கௌரவமாகத் தெரியும், அவ்வளவுதான்.

மூன்றாமவர்: 'முதுகுவலிக்கு இது ஒன்றே மருந்தா?'

அதுவும் இல்லை. ஆராய்ச்சிகளைக் கூட்டிப் பார்த்தால், நாள்பட்ட முதுகுவலிக்குக் கோர் பயிற்சி நல்லதுதான். ஆனால் மற்ற உடற்பயிற்சிகளைவிடப் பிரமாதமாக உசத்தி என்று சொல்ல முடியவில்லை. எதையாவது ஒன்றை விடாமல் செய்கிறவனுக்கு வலி குறைகிறது. பலகையின் வசதி என்னவென்றால், ஒரு பாய் அகல இடமும் பத்து நிமிஷமும் போதும். அதோடு ஒருக்களித்துப் படுத்து ஒரு முழங்கையில் நிற்கிற பக்கப் பலகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆன்டெனாவுக்கு நாலு பக்கமும் கயிறு வேண்டுமே.

* * *

சிரித்தது போதும், ஒரு நிமிஷம் சீரியஸ். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள், வயிற்றில் சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள், தோள் மூட்டில் கோளாறு உள்ளவர்கள் எல்லாரும் டாக்டரைக் கேட்காமல் பாரம் ஏற்றக் கூடாது. பயிற்சியின்போது வயிறு எரிகிற மாதிரி இருந்தால் சரி, அது தசை பேசுவது. கீழ்முதுகில் சுருக்கென்றால் உடனே நிறுத்துங்கள். வலி காலுக்கு இறங்கினால், கால் மரத்துப் போனால் டாக்டரிடம் காட்டுங்கள். முதுகுவலியோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடு தப்பினால் அன்றைக்கே, அந்த மணியே ஆஸ்பத்திரி. அங்கே பலகை, பாரம், பத்திரிகைக் கட்டுரை எதுவும் உதவாது.

எதற்காக இவ்வளவு பாடு? கண்ணாடியில் கட்டம் தெரிவதற்காக என்றால், அந்த ஆசை முப்பத்தைந்தோடு தானாகவே போய்விடும். உண்மையான காரணம் வேறே. இன்றைக்கு இருபத்தெட்டு வயசில் இதைப் படிக்கிறீர்கள். இன்னும் பத்துப் பதினைந்து வருஷத்தில் ஒரு ராத்திரி அப்பாவைக் கட்டிலிலிருந்து தூக்கி உட்கார வைக்க வேண்டி வரலாம். பாத்ரூம் வரை தாங்கிக்கொண்டு போக வேண்டி வரலாம். உங்களைத் தோளில் உட்கார வைத்துத் தேர் காட்டின மனுஷர் அவர். அந்த ராத்திரி மூன்று மணிக்கு உதவிக்கு ஆள் தேட முடியாது, புஜமும் உதவாது. குனிந்து, அவர் கையைத் தோளில் போட்டுக்கொண்டு, 'கவலைப்படாதீங்கப்பா, நான் பிடிச்சிருக்கேன்' என்று சொல்லி நிமிரும்போது மடங்காமல் இருக்க வேண்டியது நடுவில் இருக்கிற அந்த ஆசாமிதான்.

அவரை இன்றைக்கே கொஞ்சம் கவனித்து வையுங்கள். பாய் வீட்டில் இருக்கிறது. கடிகாரம் போனில் இருக்கிறது. பத்து விநாடி, ஆறு தடவை. இந்தப் பக்கத்தைப் படித்த நேரத்தில் ஒரு ரவுண்டு முடிந்திருக்கும்.

அடுத்த வாரம்: காலை ஐந்து மணிக்கு எழுந்து ஓடப் போவதாக இரவு பத்து மணிக்குச் சபதம் செய்கிறவர்கள் பற்றி.